கூடப் போட்ட ஒரு கைப்பிடி

போன மாதம் வேளச்சேரியில் அண்ணன் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தேன். நாலாவது மாடி வீடு. கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். நான் போன மறுநாள் காலை, அவள் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள், இஞ்சியைத் தட்டிப் போட்டாள், அது கொதிப்பதற்குள் குக்கரைத் திறந்து ராத்திரிச் சோற்றைக் கரண்டியால் வழித்துக் குப்பைக் கூடையில் தள்ளினாள். பிறகு டீத்தூள் போட்டாள். எல்லாம் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் நடந்தன.

அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாளைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்த தாளை எடுத்து, பின்பக்கத்தில் அன்றைக்குக் கூடைக்குப் போனதை எழுதிவைத்தேன். ஏழு நாள், ஏழு தாள்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையும் வீட்டில் இருந்தார். மூன்று டம்ளர் டீயோடு மூவரும் உட்கார்ந்தபோது தாள்களை மேஜையில் பரப்பினேன். ஞாயிறு, சோறு ஒரு கிண்ணம். திங்கள், கொத்தமல்லி ஒரு கட்டு, பிளாஸ்டிக் பைக்குள்ளேயே கொழகொழத்துப்போனது. செவ்வாய், மறுபடியும் சோறு, கூடவே கறுத்த வாழைப்பழம் இரண்டு. புதன், பார்சலில் வந்த சாம்பார்ப் பொட்டலம் இரண்டு, பிரிக்காத சட்னி ஒன்று. வியாழன், சோறும் அரைப் பாக்கெட் புளித்த மாவும். வெள்ளி, இளஞ்சிவப்பாய்ப் பூசணம் பூத்த தேங்காய் மூடி, பாதிப் புடலங்காய். சனி, சோறு, கறிவேப்பிலை.

அவள் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "நாலு கை சோறுதானே அத்தை. கல்யாண மண்டபத்துல ஒரே வேளையில அண்டா அண்டாவா கொட்டுறாங்களே, அதுக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமில்லையே?"

பலரும் நம்புவது இதைத்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது எனக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது. 2022-இல் உலகம் முழுக்கக் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. இந்திய வீடுகளுக்கு அவர்கள் போட்ட மதிப்பீடு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. இந்தக் கணக்கில் வாழைக்காய்த் தோல், முருங்கைச் சக்கை, எலும்பு எல்லாமும் அடக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மண்டபத்து அண்டா நம் கண்ணில் படுகிறது. வீட்டுக் கிண்ணம் படுவதில்லை. அண்டா ஒரு நாள்; கிண்ணம் தினம்.

அந்தச் சோற்றையே எடுத்துக்கொள்வோம் என்றேன். வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணம். சமைக்குமுன் அது ஏறக்குறைய 90 கிராம் அரிசி. வாரத்துக்குச் சுமார் 350 கிராம், வருஷத்துக்குச் சுமார் 18 கிலோ. ஒரு கிலோ அரிசி விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. பதினெட்டைப் பெருக்கினால் 45,000 லிட்டர். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுக்ககத்துக்கு லாரித் தண்ணீர் சொல்கிறவர் அவர்தான். "9,000 லிட்டர் லாரின்னா அஞ்சு லோடு அத்தை" என்றார்.

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்று அப்பா ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வருஷங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குச் சோற்றைக் கூடையில் பார்ப்பது நெஞ்சை அடைக்கிற காரியம்தான். ஆனால் அதைச் சொல்லி அந்தப் பெண்ணை அழவைக்க நான் போகவில்லை. அவள் ஊதாரி இல்லை. சோறு ஏன் மிஞ்சுகிறது என்பதைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

எப்படி அளக்கிறாய் என்று கேட்டேன். குக்கரோடு வந்த கப்பால் இரண்டரை கப். ஏன் இரண்டரை? "ரெண்டு போதும்தான். அம்மா எப்பவும் ஒரு கைப்பிடி கூடப் போடுவாங்க. பத்தாமப் போயிடக் கூடாதுல்ல?"

விஷயம் அந்த ஒரு கைப்பிடியில் இருக்கிறது. அவள் அம்மா போட்டாள், என் அம்மா போட்டாள், பாட்டியும் போட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற விருந்தாளிக்கு அது. வாசலில் குரல் கொடுக்கிறவருக்கும் அதுவே. யாரும் வராவிட்டால் ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் வயலுக்குப் போகிறவருக்குப் பழையது. அதிலும் மிஞ்சினால் கழுநீர்த் தொட்டி, அங்கிருந்து மாட்டின் வயிறு. ஒரு கைப்பிடிக்குப் போக நாலு இடம் இருந்தது. நாலாவது மாடியில் விருந்தாளி போன் பண்ணிவிட்டுத்தான் வருகிறார். வாசலில் குரல் கொடுக்க யாரும் மேலே ஏறி வர முடியாது. மாடு இல்லை. கூடப் போடுகிற கை மட்டும் அப்படியே வந்துவிட்டது, போக்கிடங்கள் ஊரிலேயே நின்றுவிட்டன.

இப்போது மிச்சம் இருக்கிற ஒரே போக்கிடம் கூடை. தென்சென்னைக் கூடைகளெல்லாம் பல்லாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே. சோறும் காய்கறியும் மண்ணில் காற்றுப்பட மக்கினால் எரு. குப்பை மலைக்கு அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன். வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலுவானது, தீப்பற்றக்கூடியதும்கூட. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் புகைந்ததை இவர்கள் பால்கனியிலிருந்தே பார்த்திருக்கிறார்கள்.

"சரி அத்தை, பழைய சோறு சாப்பிட்டா வயித்தைக் கெடுக்கும்னும் சொல்றாங்களே? அதுக்குப் பயந்துதான் கொட்டுறேன்" என்றாள். நியாயமான பயம். இதை அவசரமில்லாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது.

அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கும். மற்றவை கொதியில் செத்துப்போகும், இந்த வித்துகள் தாக்குப்பிடிக்கும். சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும், அப்போது ஒரு நச்சையும் உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே ராத்திரி எட்டு மணிக்கு இறக்கிய சோறு காலை வரை மூடிய குக்கருக்குள்ளேயே கிடந்தால், அதைக் கொட்டியதில் தவறே இல்லை. கொட்ட வேண்டியதுதான். தவறு முந்தின ராத்திரி நடந்தது. கனமான குக்கர் சூட்டை விடாது, மூடி ஆவியை விடாது, அந்த நச்சு உண்டாகத் தோதான இடத்தை நாமே கட்டிக்கொடுக்கிறோம்.

சாப்பிட்டுக் கையலம்பியதும் மிச்சத்தை அகலமான தட்டில் பரப்பிவிட்டால் கால் மணி, அரை மணியில் ஆறிவிடும். உடனே மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். மறுநாள் அது எலுமிச்சைச் சாதம். குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து இறுகிவிடுவதால் கிளறும்போது பருக்கை உடையாது. புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் ஆறிய சோற்றில்தான் நன்றாக அமைகின்றன. சூடு பண்ணுவதானால் ஆவி பறக்கும்வரை, ஒரே ஒரு தடவை. மறுபடி மிஞ்சியதை மறுபடி வைக்கக் கூடாது.

பழைய சோறு வேறு வழியில் வேலை செய்கிறது. ஆறிய சோறு முழுக்க முங்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றிவைக்கிறோம். ராத்திரியில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், தயிரைத் தயிராக்குகிற அதே குடும்பம், பெருகித் தண்ணீரைப் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பில் கெடுக்கிற கிருமிகள் பலவும் தழைக்க முடியாது. அதனால்தான் தண்ணீர் ஊற்றுகிற நேரம் முக்கியம். சாப்பிட்ட சூட்டோடு ஊற்ற வேண்டும். நடுராத்திரி நினைவு வந்து ஊற்றினால் அதற்குள் வேறு பாக்டீரியா முந்திக்கொண்டிருக்கும். காலையில் மெல்லிய புளிப்பு வாசம் வந்தால் மோரும் உப்பும் சின்ன வெங்காயமுமாகச் சாப்பிடலாம். நூல் விட்டாலோ நாற்றம் வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். கைக்குழந்தைக்கும் நோயில் கிடப்பவருக்கும் இது வேண்டாம், அவர்களுக்குப் புதுச்சோறே கொடுங்கள். கெட்டதைச் சாப்பிடச் சொல்லி எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. கெடுவதற்கு முன்னால் அதை இன்னொன்றாக மாற்றிவிடுவதில்தான் அவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள்.

குழம்புக்கும் இதே கண்தான். நாஞ்சில் நாட்டில் விருந்து முடிந்த மறுநாள் பழங்கறி என்று எல்லா மிச்சத்தையும் சேர்த்துச் சுண்டவைப்பார்கள், விருந்தைவிட அதற்குத்தான் போட்டி. மற்ற ஊர்களில் சுண்டக்குழம்பு. வற்றல் குழம்பு இரண்டு மூன்று நாள் நிற்பதற்குப் புளியும் உப்பும் நல்லெண்ணெயும் வற்றிய தண்ணீரும் காரணம். பருப்பும் தேங்காயும் சேர்ந்த குழம்பு அப்படி நிற்காது, தேங்காய் அரைத்துவிட்டதுதான் முதலில் நுரைக்கும். ஆகவே கூட்டுக்கும் குழம்புக்கும் தேங்காயைக் கடைசியில், அந்த வேளைக்குச் சாப்பிடப்போகிற பங்கில் மட்டும் சேர்த்தால் போதும். மிச்சம் தேங்காய் படாமல் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். இந்த ஒன்றைச் சொன்னபோதுதான் அவள் பேனா தேடினாள்.

தேங்காய் மூடியைப் பற்றியும் கேட்டாள். பூசணம் பூத்த பகுதியைச் செதுக்கிவிட்டு மிச்சத்தைத் துருவலாமா என்று. கூடாது. ஈரப்பசையுள்ள பண்டத்தில் பூசணம் மேலே தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை. உடைத்த அன்றே துருவி, அரை மூடி அரை மூடியாகச் சின்ன டப்பாவில் ஃப்ரீசருக்குள் போட்டுவைத்தால் அந்தப் பேச்சே வராது.

அடுத்து கொசுறு. கீரைக்கார அம்மா காசு வாங்காமல் பைக்குள் செருகிவிடுகிற கறிவேப்பிலையும் கொத்தமல்லியும்தான் எல்லா வீட்டிலும் முதலில் அழுகுகின்றன. காசு கொடுக்காததால் அவற்றுக்குக் கணக்கில்லை, கணக்கில்லாததால் கவனிப்பும் இல்லை. அன்று ஞாயிறுச் சந்தைக்கு இருவரும் போனோம். திரும்பி வந்ததும் பையை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளப்போனவளை நிறுத்தி, தரையில் ஒரு துண்டை விரித்தேன்.

கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து, மஞ்சள் இலையைக் கிள்ளி எடுத்து, வேரை நறுக்கினோம். கழுவவில்லை. கழுவினால் இலை இடுக்கில் நிற்கிற தண்ணீர்தான் அதை அழுகவைக்கிறது, பிளாஸ்டிக் பை அந்தத் தண்ணீருக்குக் காவல் நிற்கிறது. மாப்பிள்ளையின் பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்து, இலையை அதில் சுருட்டி டப்பாவில் வைத்தோம். சமைக்கும்போது வேண்டிய அளவு எடுத்துக் கழுவினால் போதும், வாரம் தாண்டும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளினோம். கறிவேப்பிலையில் பாதியை உருவி, முறத்துக்குப் பதில் செய்தித்தாளில் பரப்பி நிழலில் விட்டோம். சருகாய்க் காய்ந்ததும் உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், புளியோடு வறுத்துப் பொடித்தால் சூடான சோற்றுக்கு ஒரு மாதத் துணை.

வாழைப்பழச் சீப்பு ஃபிரிட்ஜின் மேல் தக்காளியோடு ஒரே கூடையில் இருந்தது. பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்தில் இருப்பதையும் சீக்கிரம் பழுக்கவைக்கும், கீரையை மஞ்சளாக்கும். சீப்பைத் தனியாகக் கொக்கியில் மாட்டினோம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பிரித்துத் தனித்தனிக் கூடையில் போட்டோம். பீர்க்கங்காய் வாங்கியிருந்தோம், அதன் தோல் துவையலுக்குப் போனது. பீர்க்கங்காயைவிட அந்தத் துவையலுக்கே எனக்கு மனம் இழுக்கும்.

இத்தனைக்கும் மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் கணக்கு முடியாது. ஃபிரிட்ஜுக்குள் மாவு தூங்குவதில்லை, மெதுவாகப் புளித்துக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, அதற்கு மேல் வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம், கொஞ்சம் அரிசி மாவு கலந்து குழிப்பணியாரம். அரிசி மாவு புளிப்பை நீர்க்கவைத்துவிடும்.

மாப்பிள்ளைக்கு வேறு சந்தேகம். ரவைப் பாக்கெட்டில் தேதி தாண்டிவிட்டது என்று அவர்தான் முழுசாகத் தூக்கிப்போடுகிறவர். பாக்கெட்டில் இரண்டு விதத் தேதிகள் வருகின்றன. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அதுவரை மணமும் ருசியும் குறையாது என்று பொருள். ரவை, பிஸ்கட், மசாலாப்பொடி போன்றவை அதற்குப் பிறகும் வண்டோ பூசணமோ நாற்றமோ இல்லையென்றால் உடனே விஷமாகிவிடுவதில்லை. 'எக்ஸ்பயரி', 'யூஸ் பை' என்று போட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. பால், பனீர், மீன் வகைகளில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

புதன்கிழமைத் தாளுக்கு வந்தோம். பார்சல் தாள். இங்கே இருவரும் சற்று மௌனமானார்கள். நான் வெளிச்சாப்பாட்டுக்கு விரோதி இல்லை. பத்து மணி நேரம் வேலை பார்த்து, ரயிலில் நின்றுகொண்டே வந்தவர்கள் அடுப்பைப் பார்த்து மலைப்பதில் என்ன குற்றம்? ஒன்றை மட்டும் காட்டினேன். புதன் ராத்திரி பார்சல் வந்தது. அன்றைக்கு அரிந்து பொரியல் பண்ண வைத்திருந்த பாதிப் புடலங்காய் வெள்ளிக்கிழமைத் தாளில் இருக்கிறது. ஒவ்வொரு பார்சலும் வீட்டில் இருக்கிற ஏதோ ஒன்றின் முறையைப் பறித்துக்கொள்கிறது. பார்சலுக்குக் கொடுத்தது ஒரு காசு, ஃபிரிட்ஜுக்குள் வாடியது இன்னொரு காசு.

ராத்திரி எட்டு மணிக்குப் போனைக் கையில் எடுக்கிற நிமிஷத்தில் வீட்டில் பொருள் இல்லாமல் இல்லை. பாதி முடிந்ததாக எதுவும் இல்லை, அதுதான் சங்கடம். ஞாயிறு காலை ஒரு டம்ளர் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அன்றைக்கு ஒரு பங்கு சாம்பாருக்கு. திங்களன்று ஒரு பங்கை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, தக்காளியும் மிளகு சீரகமும் தட்டிப்போட்டு ரசம், பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. செவ்வாய்க்குக் கடைசிப் பங்கு கீரையோடு மசியலுக்கு. கூடவே இரண்டு வாரம் தாங்குகிறாற்போல் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். நல்லெண்ணெய் மேலே மிதக்க வேண்டும், ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. இவ்வளவுக்கும் ஞாயிறு காலையில் ஆனது ஒன்றரை மணி நேரம்.

அந்த ஒன்றரை மணி நேரமும் யாருடையது என்பதையும் பேசிவிட்டோம். வீட்டுச் சமையல் என்று ஊரெல்லாம் புகழ்கிறோம், அதன் பாரத்தை ஒருத்தியின் தோளில் வைத்துவிட்டுப் புகழ்கிறோம். தனியாகச் சுமப்பவள் களைத்துப்போவாள், களைத்தால் போன் எடுப்பாள். மாப்பிள்ளை காய் அரிந்தார், பருப்பு எத்தனை விசில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சோறு இனி தன் பொறுப்பு என்று அவரே சொன்னார். ஐந்து லாரிக் கணக்கு அவர் மனத்தில் தைத்திருந்தது போலும்.

அன்றே கப்பைச் சரிபார்த்தோம். மூன்று பேருக்கு இரண்டு கப் வைத்தார், சோறு சரியாக இருந்தது. பத்தாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு ஒரு டப்பா அவலைக் கைக்கெட்டும் தட்டில் வைத்தேன். திடீரென்று ஒருவர் வந்தாலும் ஐந்து நிமிஷத்தில் தயிர் அவல் ஆகிவிடும்.

நான் ஊருக்குக் கிளம்ப வேண்டியது செவ்வாய் ராத்திரி, பஸ் ஒன்பதரைக்கு. எனக்குப் பஸ்ஸில் சாப்பிடப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தாள் அண்ணன் மகள். திங்கள்கிழமைச் சோறு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது. மாப்பிள்ளை அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கப்போடு சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

"அத்தை, இனிமே ரெண்டு பேர்தானே. ஒண்ணேகால் போதுமா?"

"ஒண்ணேகாலே போதும் மாப்பிள்ளை" என்றேன்.

கப்பைத் தலைதட்டி ஒரு தடவை போட்டார். இரண்டாம் தடவை கால் அளவு எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கூடுதலாக வந்த நாலைந்து மணிகளை டப்பாவுக்குள் திரும்ப உதிர்த்தார்.